ஃபீஸ் கம்மின்னு மட்டும் பாத்து சேந்துடாதீங்க

கேள்வி: அக்கா, ஸ்கூல் முடிச்சிட்டேன், ஃபுட் அண்ட் நியூட்ரிஷன் படிக்க ஆசை. வீட்ல பெரிசா செலவு பண்ண முடியாது. நாலு காலேஜோட ஃபீஸ் எழுதி வச்சிருக்கேன், அதுல ஆன்லைன் கோர்ஸ் ஒண்ணு ரொம்ப கம்மி. அதுலயே சேந்துடலாமா? ஆஸ்பத்திரில டயட்டீஷியனா ஆகணும்.

பதில்: கடைசியா போற போக்குல ஒண்ணு சொன்னீங்க பாருங்க, டயட்டீஷியன் ஆகணும்னு, அங்கேருந்துதாம்மா ஆரம்பிக்கணும். ஃபுட் சயின்ஸ், நியூட்ரிஷன், டயட்டெடிக்ஸ் மூணும் பேர்ல பாத்தா கூடப்பிறந்ததுங்க மாதிரிதான் இருக்கும், ஆனா ஃபுட் சயின்ஸ் உங்கள ஃபேக்டரி, லேப், குவாலிட்டி கன்ட்ரோல்னு கொண்டுபோகும், நியூட்ரிஷன் படிச்சவங்க சத்துணவுத் திட்டம், ஆராய்ச்சி பக்கம் நிறைய போறாங்க. கிட்னி பேஷன்ட்டுக்கு பொட்டாசியம் எவ்ளோ, ட்யூப்ல சாப்பாடு போறவருக்கு எத்தன கலோரின்னு கணக்குப் போடற வேலை டயட்டெடிக்ஸ்.

பல நாடுகள்ல அதுக்குன்னு இருக்கற அமைப்புல பதிவு பண்ணாம டயட்டீஷியன்னு பேர் போட்டுக்கவே முடியாது. பிரிட்டன்ல அந்தப் பேருக்கு சட்டப் பாதுகாப்பு இருக்கு, நியூட்ரிஷனிஸ்ட்ங்கற பேருக்கு கிடையாது. அமெரிக்காவுல 2024 ஜனவரி 1லேருந்து டயட்டீஷியனா பதிவு பண்றதுக்கான பரீட்சை எழுதவே மாஸ்டர்ஸ் டிகிரி வேணும், மேற்பார்வையோட குறைஞ்சது 1000 மணி நேரம் பயிற்சியும் வேணும். அதனால நீங்க எங்க வேலை பாக்கப் போறீங்களோ அந்த ஊரு விதிய மொதல்ல பாருங்க, அந்தக் கோர்ஸுக்கு அங்கீகாரம் இருக்கான்னு காலேஜ் நோட்டீஸ்ல தேடாதீங்க, அங்கீகாரம் குடுக்கற அமைப்போட லிஸ்ட்லயே தேடுங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு மூணு வருஷம் படிச்சு முடிச்சப்புறம்தான் அந்த டிகிரிய வச்சு பதிவு பண்ண முடியாதுன்னு தெரிஞ்சு அழுதுச்சு. அந்த காலேஜ் பொய் சொல்லல, கேக்காதத சொல்லல, அவ்ளோதான்.

இப்ப பணத்துக்கு வருவோம். ஒரு வருஷ ஃபீஸ ஒப்பிடாதீங்க, பேர் போட்டுக்கற நாள் வரைக்கும் மொத்தமா எவ்ளோ ஆகும்னு கூட்டுங்க. லேப் ஃபீஸ், புக்ஸ், ஹாஸ்டல், தேவைப்பட்டா மாஸ்டர்ஸ், பதிவுப் பரீட்சை கட்டணம், எல்லாத்துக்கும் மேல இன்டர்ன்ஷிப், அதாவது மேற்பார்வையோட செய்யற அந்தப் பயிற்சி. பெரும்பாலும் அதுக்கு சம்பளம் வராது, மாசக்கணக்குல முழு நேரம் போகணும், பார்ட் டைம் வேலைய நம்பி இருந்தா அதுவும் போச்சு. இன்டர்ன்ஷிப் காலேஜே ஏற்பாடு பண்ணுமா நீங்களே தேடணுமா, போன வருஷம் முடிச்சவங்கள்ல எத்தன பேருக்கு இடம் கிடைச்சுதுன்னு கேளுங்க. மழுப்புனா புரிஞ்சுக்கங்க.

ஆன்லைன் தப்புன்னு சொல்லல. தியரி தாராளமா படிக்கலாம், ஆனா லேப்பும் வார்டும் ஸ்க்ரீன்ல வராது, அத எங்க செய்ய வைப்பாங்கன்னு எழுத்துல வாங்கிக்கங்க. உங்க ஊர்ல கிரெடிட் மாத்தற வசதி, அதாவது ஒரு காலேஜ்ல முடிச்ச பாடத்த இன்னொரு காலேஜ் கணக்குல ஏத்துக்கறது, இருந்தா முதல் ரெண்டு வருஷ கெமிஸ்ட்ரி, பயாலஜி, ஸ்டாடிஸ்டிக்ஸ சின்ன காலேஜ்ல முடிச்சுட்டு பெரிய காலேஜுக்குப் போறது எனக்குத் தெரிஞ்ச நல்ல சிக்கனம், ஆனா எந்தெந்த பாடத்த ஏத்துக்குவாங்கன்னு சேர்றதுக்கு முன்னாடியே அந்தப் பெரிய காலேஜ்ல கேட்டுடணும். அரசு காலேஜ், ஸ்காலர்ஷிப்லாம் பாத்துட்டு லோன கடைசில வைங்க.

கேள்வி: கெமிஸ்ட்ரின்னாலே பயம். சமையல் நல்லா வரும். இந்த டிகிரி ஒத்து வருமா?

பதில்: இது சமையல் படிப்பு இல்லப்பா. பயோகெமிஸ்ட்ரி, ஃபிசியாலஜி, மைக்ரோபயாலஜி எல்லாம் வந்தே தீரும். பயத்த வச்சுக்கிட்டே ஒரு இலவச கெமிஸ்ட்ரி கோர்ஸ் ரெண்டு மாசம் படிச்சுப் பாருங்க. அதுவும் பிடிக்கலன்னா கேட்டரிங் பக்கம் போங்க, அதுல ஒரு குறைச்சலும் இல்ல.