மலாக்கா செல்ல வருகை அட்டை: 40 வெள்ளி எதற்கு?

கேள்வி: நான் எஸ் பாஸ் என்னும் வேலை அனுமதியில் சிங்கப்பூரின் ஜூரோங்கில் வேலை பார்க்கிறேன். என்னிடம் இருப்பது இந்தியக் கடப்பிதழ். உடன் வேலை செய்யும் இருவரோடு சனிக்கிழமை காலை மலாக்கா சென்று, மலிவான விடுதியில் ஓர் இரவு தங்கி, ஞாயிற்றுக்கிழமை திரும்ப நினைக்கிறேன். மலேசியாவுக்குள் நுழைய மின்னிலக்க அட்டை வேண்டும் என்று சொல்லி ஒரு முகவர் தலைக்கு 40 சிங்கப்பூர் வெள்ளி கேட்கிறார். சிங்கப்பூர்க் குடிமகனான என் நண்பரோ, தாம் அப்படி எதையும் நிரப்பியதே இல்லை என்கிறார். யாரை நம்புவது? செலவைக் குறைக்க வழி உண்டா?

பதில்: அட்டை தேவை என்று முகவர் சொன்னது சரிதான்; அது இலவசம் என்பதைத்தான் அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். உங்கள் நண்பரும் பொய் சொல்லவில்லை, ஆனால் அவருக்குள்ள விலக்கு உங்களுக்குக் கிடையாது.

இந்தியக் குடிமக்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியா செல்லலாம் என்ற சலுகை 2023 டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கியது. 2026 டிசம்பர் 31 வரை அது நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே விசா வாங்கித் தருகிறேன் என்று எவராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். உங்கள் கடப்பிதழ் இன்னும் ஆறு மாதங்களுக்குச் செல்லுபடியாக வேண்டும். மலேசிய மின்னிலக்க வருகை அட்டையை எல்லையைக் கடப்பதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் நிரப்ப வேண்டும். சனிக்கிழமை செல்பவர் வியாழக்கிழமை இரவு கைப்பேசியிலேயே பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம்.

அந்த விலக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் சோதனைச்சாவடியில் பலர் தடுமாறுவது இதில்தான். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு மலேசிய வருகை அட்டை தேவையில்லை. சிங்கப்பூர் நிரந்தரவாசிகளுக்குத் தேவை. இருபது ஆண்டுகளாக இங்கே இருந்து, சொந்த வீடு வாங்கி, பிள்ளைகளை இங்கேயே படிக்க வைப்பவராக இருந்தாலும், கையில் இருப்பது இந்தியக் கடப்பிதழ் என்றால் அவரும் நிரப்பியே ஆக வேண்டும். எஸ் பாஸ், ஒர்க் பெர்மிட், எம்பிளாய்மென்ட் பாஸ் வைத்திருப்போருக்கும் இதே விதிதான். மலேசிய அதிகாரி பார்ப்பது உங்கள் கடப்பிதழ் எந்த நாட்டுடையது என்பதை. சிங்கப்பூர் உங்களுக்கு என்ன அட்டை தந்திருக்கிறது என்பது அவருக்கு முக்கியமல்ல. கணவர் குடிமகனாகவும் மனைவி நிரந்தரவாசியாகவும் இருந்தால், மனைவி மட்டும் நிரப்ப வேண்டும்.

திரும்பி வரும்போது நிலைமை வேறு. சிங்கப்பூருக்கும் தனியாக ஒரு வருகை அட்டை உண்டு, அதுவும் இலவசம். ஆனால் தரைவழியாக வரும் குடிமக்கள், நிரந்தரவாசிகள், உங்களைப் போன்ற நீண்டகால அனுமதி வைத்திருப்போர் ஆகியோருக்கு அது தேவையில்லை. இரண்டு நாடுகள், ஏறக்குறைய ஒரே பெயரில் இரண்டு அட்டைகள், விலக்கு பெறுவோரும் வேறுவேறு. இந்தக் குழப்பத்தில்தான் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள். இணையத்தில் தேடினால் அரசுத் தளத்துக்கு மேலேயே கட்டணம் வாங்கும் போலித் தளங்கள் விளம்பரமாக வந்து நிற்கின்றன. இதைச் சரிசெய்ய இத்தனை காலம் ஏன் ஆகிறது என்பது எனக்கு விளங்கவில்லை. மலேசியக் குடிநுழைவுத் துறையின் சொந்தத் தளத்தில் மட்டும் நிரப்புங்கள். பணம் கட்டும் பக்கம் வந்தால் நீங்கள் இருப்பது வேறொருவர் தளம் என்று புரிந்துகொண்டு வெளியேறிவிடுங்கள்.

செலவைப் பொறுத்தவரை, பெரிய மிச்சம் பேருந்தில்தான். சிங்கப்பூரிலிருந்து நேராக மலாக்கா செல்லும் விரைவுப்பேருந்துக்கு வெள்ளியில் கட்டணம் கொடுக்க வேண்டும். அதற்குப் பதிலாக குவீன் ஸ்திரீட்டிலிருந்து 170ஆம் எண் பேருந்தில் ஜோகூர் பாருவின் லார்கின் முனையத்துக்குப் போய், அங்கிருந்து மலாக்கா சென்ட்ரல் பேருந்து நிலையத்துக்குப் பேருந்து எடுத்தால் ரிங்கிட்டில் கொடுப்பீர்கள். ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கும்போது இந்த வித்தியாசம் சிறியதல்ல. ஒவ்வொரு சோதனைச்சாவடியிலும் பைகளையும் எடுத்துக்கொண்டு இறங்குங்கள், உங்களுக்காகப் பேருந்து காத்திருக்காது. மலாக்கா சென்ட்ரலில் டாக்சிக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். அவர்கள் தேவையில்லை, 17ஆம் எண் நகரப் பேருந்து பழைய நகரப்பகுதியில் உள்ள டச்சுச் சதுக்கத்துக்கே போகிறது.

விடுதியில் மூவரும் ஒரே பொது அறையில் படுக்கை எடுப்பதே மலிவு. இணையத்தில் காட்டும் விலையோடு கதை முடிவதில்லை. மலேசியர் அல்லாதவர்களிடம் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. அது அறைக்கான வரி என்பதால், படுக்கைக்குத் தனித்தனியாகக் கேட்டால் எந்தக் கணக்கில் என்று விசாரியுங்கள். ஜோங்கர் தெருவை ஒட்டிய விடுதிகள் பழைய கடைவீடுகள். வெள்ளிக்கிழமை முதல் ஞாயிறு வரை மாலையில் அங்கே இரவுச்சந்தை கூடுவதால், தூக்கம் முக்கியம் என்றால் இரண்டு தெரு தள்ளிப் பாருங்கள். பூட்டு ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள். அட்டையில் பணம் கட்டும்போது வெள்ளியிலா ரிங்கிட்டிலா என்று கருவி கேட்டால் ரிங்கிட்டைத் தேர்ந்தெடுங்கள். வெள்ளியில் கட்டினால் கருவி போடும் மாற்று விகிதத்தால் உங்களுக்குத்தான் நட்டம்.

சுற்றிப் பார்க்கப் பணம் அதிகம் வேண்டாம். போர்த்துகீசியர் கட்டிய கோட்டையில் எஞ்சிய வாயிலும் புனித பால் குன்றும் இலவசம். பல தலைமுறைகளாக அங்கே வாழும் தமிழ் வம்சாவளியினரான மலாக்காச் செட்டிகளின் பொய்யாத விநாயகர் கோயில் 1781இல் எழுந்தது. அதே தெருவில் பள்ளிவாசலும் சீனக் கோயிலும் சில நிமிட நடையில் இருக்கின்றன. மூன்றையும் காலை வெயில் ஏறுமுன் பார்த்துவிடலாம். விளக்கு ஜோடித்த திரிஷா என்னும் மூன்று சக்கர மிதிவண்டியில் ஏறுவதானால் ஏறுவதற்கு முன்பே விலை பேசிவிடுங்கள்.

ஞாயிறு மாலை ஜோகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலத்தில் நெரிசல் எப்படி இருக்கும் என்று நீங்களே கேள்விப்பட்டிருப்பீர்கள். மறுநாள் வேலை இருப்பதால், மலாக்காவிலிருந்து நண்பகலுக்கு முன்பே புறப்படும் பேருந்துக்குச் சனிக்கிழமையே சீட்டு எடுத்துவிடுங்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று சிகரெட் வாங்கி வராதீர்கள். புகையிலைக்குச் சிங்கப்பூரில் ஒரு பெட்டிக்குக்கூடத் தீர்வை விலக்கு இல்லை.