பூட்ஸில் இருக்கும் கால்: குதிகால் நாண் அறுந்தவர்களின் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மூன்று தகவல்கள் விடுபட்டிருக்கின்றன: எந்தக் கால், குதிகால் நாண் (கெண்டைக்கால் சதையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் தடித்த நார்) அறுந்து எத்தனை வாரம், அறுவை சிகிச்சை நடந்ததா இல்லையா. இவற்றைச் சொல்லாமல் "எப்போது நடக்கலாம்" என்று மட்டும் கேட்டால் எந்த மருத்துவராலும் பொறுப்புடன் பதில் சொல்ல இயலாது. இனி எழுதுபவர்கள் முதல் வரியிலேயே இந்த மூன்றையும் குறிப்பிட வேண்டுகிறேன்.

ஷட்டில் விளையாடும்போது பின்னாலிருந்து யாரோ உதைத்தது போல் இருந்தது. திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. நான்கு நாட்களாகக் குதிகாலுக்கு மேலே வலி. நடக்க முடிகிறது, விரல்களும் அசைகின்றன. சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்து நீவி விடுகிறார்கள். தொடரலாமா? (திருமங்கலம்)

நீவுவதை இன்றே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் செல்லுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் முதல் வரியே நாண் அறுந்ததற்கான பாடப்புத்தக அடையாளம். நடக்க முடிவதும் விரல் அசைவதும் நாண் நன்றாக இருப்பதற்குச் சான்று அல்ல. பாதத்தைக் கீழே அழுத்த வேறு சில தசைகளும் உதவுவதால், அறுந்த பிறகும் விந்தி விந்தி நடக்க முடியும். கட்டிலில் குப்புறப் படுத்து, இரண்டு பாதங்களும் விளிம்புக்கு வெளியே தொங்குமாறு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவர் கெண்டைக்கால் சதையை மெதுவாகப் பிடித்து அழுத்தட்டும். நல்ல காலில் பாதம் தானாகக் கீழ்நோக்கி அசையும். நாண் முழுவதும் அறுந்த காலில் பாதம் அசையாமல் நிற்கும். குதிகாலுக்கு இரண்டு மூன்று விரற்கடை மேலே ஒரு பள்ளம் கைக்குத் தட்டுப்படவும் கூடும். நீவ நீவ, அறுந்த இரு முனைகளும் சேர வேண்டிய இடத்தை விட்டு விலகும். முதல் இரண்டு வாரத்துக்குள் பாதத்தைக் கீழ்நோக்கி வைத்துக் கட்டினால்தான் அந்த முனைகள் நெருங்கிக் கூடும். நான்கு நாட்கள் ஏற்கெனவே போய்விட்டன.

அறுவை சிகிச்சை வேண்டாம், பூட்ஸ் (பாதத்தைக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பிடிக்கும், வெல்க்ரோ பட்டை வைத்த மருத்துவக் காலணி) போதும் என்றார் மருத்துவர். ஆபரேஷன் செய்யாமல் அறுந்தது எப்படி ஒட்டும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். வலது கால், மூன்றாவது வாரம். (சோழவந்தான்)

தேவையான தகவல் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள், நன்றி. நாண் தானாகவே கூடும், அதன் முனைகள் நெருக்கமாக இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. நார்வேயில் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், ஓராண்டு முடிவில் அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் காலின் செயல்பாட்டில் சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இல்லை. ஆனால் மீண்டும் அறுந்து போவது, அறுவை சிகிச்சை இல்லாதவர்களில் நூற்றுக்கு ஆறு பேர் அளவிலும், செய்தவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவும் இருந்தது. மறுபக்கம், நரம்பு பாதிக்கப்படுவது அறுவை சிகிச்சை செய்தவர்களிடம் அதிகம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் தையல் போட்ட இடம் ஆறுவதில் சிக்கல் வரும் என்பதையும் மருத்துவர் எண்ணிப் பார்த்திருப்பார். உறவினர்களின் பேச்சை விடுங்கள். பூட்ஸை மட்டும் விடாதீர்கள்.

மாவுக்கட்டா, பூட்ஸா, எது நல்லது? (உசிலம்பட்டி)

பிரிட்டனில் 2020-இல் வெளிவந்த பெரிய ஆய்வில், அறுவை சிகிச்சை இல்லாதவர்களிடம் ஒன்பது மாத முடிவில் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. பூட்ஸில் சீக்கிரம் கால் ஊன்றலாம், தோலைப் பார்த்துக்கொள்ளலாம். கழற்றாமல் இருக்க மாட்டேன் என்பவருக்கு மாவுக்கட்டே நல்லது.

பூட்ஸ் எத்தனை நாள்? சுருக்கமாகச் சொல்லவும். (ஊர் குறிப்பிடவில்லை)

சுமாராக எட்டு முதல் பத்து வாரம். உங்களுக்கு எத்தனை என்பதை உங்கள் காலைப் பார்த்தவரிடம் கேளுங்கள்.

கணவருக்கு இடது காலில் ஐந்தாவது வாரம், அறுவை சிகிச்சை செய்யவில்லை. வெளியே போகும்போது ஒழுங்காகப் பூட்ஸ் அணிகிறார். வீட்டு வாசலில் அதைக் கழற்றிவிட்டு உள்ளே வெறுங்காலில் நடக்கிறார். பூஜை அறை இருப்பதால் மாமியாரும் உள்ளே போட விடுவதில்லை. வீட்டுக்குள் பத்தடிதானே, பரவாயில்லையா? (செல்லூர்)

பரவாயில்லை என்று ஒருபோதும் சொல்ல மாட்டேன். இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பது அல்ல. என் சிகிச்சை அறையின் வாசலிலேயே காண்கிறேன். ஆட்டோவிலிருந்து கவனமாக இறங்கி, ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்து, படியில் உட்கார்ந்து, வெல்க்ரோ பட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, செருப்புகளின் வரிசையில் பூட்ஸையும் வைத்துவிட்டு, வழவழப்பான டைல்ஸ் தரையில் வெறுங்காலை ஊன்றி உள்ளே வருகிறார்கள். மரியாதைக்காகச் செய்கிறார்கள் என்று புரிகிறது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் எனக்குப் பதறுகிறது.

அது செருப்பு அல்ல. எலும்பு முறிந்த கைக்குப் போட்ட மாவுக்கட்டை எவரும் வாசலில் கழற்றி வைப்பதில்லை. பூட்ஸும் அதே வேலையைத்தான் செய்கிறது. அதன் உள்ளே குதிகாலுக்கு அடியில் மூன்று அல்லது நான்கு ஆப்புகளை அடுக்கி வைத்திருப்பார்கள். பாதத்தைக் கீழ்நோக்கிச் சாய்த்து, நாணின் இரு முனைகளையும் நெருக்கமாக வைத்திருப்பது அந்த அடுக்கு. வாரம் ஒன்றோ இரண்டோ கடக்கக் கடக்க, மருத்துவர் சொன்னபடி ஒவ்வொன்றாக எடுப்போம். ஐந்தாவது வாரத்தில் வெறும் பாதத்தைத் தரையில் தட்டையாக வைத்து அடுத்த அடியை எடுக்கும்போது, பல வாரங்களில் ஒவ்வொன்றாகக் குறைக்க வேண்டிய சாய்வு ஒரே அடியில் இல்லாமல் போகிறது. அதன் விளைவு இரண்டு வகையில் வரும். ஒன்று, ஈரத்தில் வழுக்கியோ வாசற்படி தவறியோ நாண் மறுபடி அறுவது. முதல் மூன்று மாதங்களே இதற்கு மிக ஆபத்தான காலம். மற்றொன்று, சத்தமில்லாமல் நாண் நீண்டு போய், நீண்டபடியே ஆறிவிடுவது. அப்படி ஆறிய காலில் வலி இருக்காது, பார்வைக்குக் குறையும் தெரியாது. ஆனால் ஒற்றைக் காலில் குதியைத் தூக்கி நிற்க முடியாது, மாடிப்படியில் உந்தி ஏற முடியாது. பின்னால் எவ்வளவு பயிற்சி செய்தாலும் அந்த வலு முழுவதும் திரும்புவது அரிது.

மாமியாரிடம் சண்டை வேண்டாம், வழி இருக்கிறது. வாசலில் ஒரு நாற்காலியும் ஈரத் துணியும் வையுங்கள். கணவர் உட்கார்ந்த நிலையில், கழற்றாமலேயே பூட்ஸின் அடிப்பாகத்தை அழுத்தித் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு எழுந்து உள்ளே வரட்டும். வெளியே போகும்போது அடியில் ஒரு தடித்த துணியுறையை மாட்டி, வந்ததும் அதை மட்டும் வாசலில் கழற்றுவதும் நல்ல ஏற்பாடு. உறை வழுக்காத துணியாக இருக்க வேண்டும். பூஜை அறைக்குள் இந்த இரண்டு மாதம் அவர் போக வேண்டாம், வாசலில் நின்று கும்பிடட்டும். மீனாட்சியம்மன் கோவிலுக்கும் இதையே சொல்கிறேன்: பூட்ஸைக் கழற்றிவிட்டுப் போகலாமா என்று கேட்காதீர்கள், பூட்ஸ் தேவையில்லாத நாள் வந்த பிறகு போங்கள். இந்தக் கடிதத்தை மாமியாருக்கே படித்துக் காட்டுங்கள். மகனுடைய கால் என்று தெரிந்தால் எந்தத் தாயும் ஒப்புக்கொள்வார்.

கிராமத்து வீடு, குந்தும் கழிப்பறைதான் இருக்கிறது. குளிப்பது எப்படி? நான்காவது வாரம். (வாடிப்பட்டி)

குந்தவே கூடாது. நாண் மிக அதிகமாக இழுபடும் நிலை அது. நடுவில் துளையிட்ட கமோடு நாற்காலி மருத்துவச் சாதனக் கடைகளில் கிடைக்கும். கழிப்பறைப் பீங்கானுக்கு மேலேயே போட்டுக்கொள்ளலாம். குளிக்கும்போது முதுகு சாயும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பூட்ஸுக்கு மேல் பெரிய பாலித்தீன் பையைக் கட்டி, காலைத் தண்ணீர் படாமல் நீட்டி வைத்துக்கொள்ளுங்கள். பூட்ஸைக் கழற்றிக் குளிக்க மருத்துவர் அனுமதித்திருந்தால், பாதம் கீழ்நோக்கியே இருக்கட்டும். அந்தக் காலை ஊன்றி எழாதீர்கள். மறுபடி குந்துவதை நான்கைந்து மாதத்துக்கு முன் பேசவே வேண்டாம்.

ஐப்பசியில் நாண் அறுந்து அறுவை சிகிச்சை நடந்தது. வலி இல்லை. தை பிறந்ததும் மாடு பிடிக்க இறங்கலாமா? (அலங்காநல்லூர்)

கூடாது. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்றும் அடுத்தடுத்த நாட்களில் முடிவதற்குள் உங்கள் நாணுக்கு மூன்று மாத வயதுதான் ஆகியிருக்கும். வலி இல்லாமல் இருப்பது நாண் முற்றியதற்கு அடையாளம் அல்ல. மெதுவான ஓட்டத்துக்கே நான்கு முதல் ஆறு மாதம், திடீரென்று பாய்ந்து திரும்பும் விளையாட்டுகளுக்கு ஒன்பது மாதம் முதல் ஓராண்டு ஆகும். அதற்கும் முன், அந்த ஒற்றைக் காலில் இருபது இருபத்தைந்து முறை குதியைத் தூக்கி இறக்க முடிய வேண்டும். இந்த ஆண்டு மேடையிலிருந்து பாருங்கள்.

மூன்றாவது வாரம். இரண்டு நாளாகக் கெண்டைக்கால் வீங்கி, சூடாக, தொட்டால் வலிக்கிறது. பதில் வந்ததும் மருத்துவரைப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். (மேலூர்)

இதைக் கடிதம் எழுதிக் கேட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாது. கட்டுப்போட்ட காலில் ரத்தம் உறைவதற்கான அறிகுறிகள் இவை. இந்த வரியைப் படித்தவுடன் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 108-ஐ அழையுங்கள். பூட்ஸில் இருக்கும் ஒவ்வொருவரும் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வயது 66. சிறுநீர்த் தொற்றுக்கு மாத்திரை சாப்பிட்ட சில நாட்களில், சும்மா படியேறும்போது நாண் அறுந்தது. தொடர்பு இருக்குமா? (திருப்பரங்குன்றம்)

மாத்திரையின் பெயரை எழுதவில்லையே! சிப்ரோபிளாக்சசின், லீவோபிளாக்சசின், ஒப்ளாக்சசின் வகையாக இருந்தால் தொடர்பு இருக்கக்கூடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2008-இலேயே இந்த வகைக்கு நாண் பற்றிய கடும் எச்சரிக்கையைச் சேர்த்தது. அறுபது வயதைக் கடந்தவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல். மருந்துச் சீட்டை எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். இனி எந்த மருத்துவரிடம் போனாலும் இதைச் சொல்லுங்கள்.

கத்திரி வெயிலில் பூட்ஸுக்குள் வியர்த்து அரிக்கிறது. (அனுப்பானடி)

முழங்கால் வரை வரும் பருத்தி உறைகள் சிலவற்றை வைத்துக்கொண்டு தினம் இருமுறை மாற்றுங்கள். மாற்றும்போது உட்கார்ந்தோ படுத்தோ இருங்கள், பாதம் கீழ்நோக்கியே இருக்கட்டும். பென்சிலோ ஸ்கேலோ விட்டுச் சொறியக் கூடாது. சர்க்கரை உள்ளவர்கள் குதிகாலையும் கணுக்கால் முட்டுகளையும் தினமும் பிறரைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். சிறு சிவப்புத் தடமும் புண்ணாகும்.

ஏழாவது வாரம். கால் இறுகிவிடும் என்று, துண்டைப் பாதத்தில் மாட்டி மேல்நோக்கி இழுக்கச் சொல்கிறார் நண்பர். (சிம்மக்கல்)

இழுக்காதீர்கள். இறுக்கம் பின்னால் மெல்லத் தளரும், நீண்ட நாண் சுருங்காது. பாதத்தை மேல்நோக்கி இழுக்கும் எந்தப் பயிற்சியையும், யார் சொன்னாலும், உங்கள் இயன்முறை மருத்துவர் கையால் பார்த்து அனுமதிக்கும் வரை செய்யக் கூடாது.

இடது காலில்தான் பூட்ஸ். ஸ்கூட்டர் ஓட்டலாமா? (கோ.புதூர்)

வேண்டாம். சிக்னலில் நிற்கும்போது எந்தக் காலை ஊன்றுவீர்கள்?

பூட்ஸ் போட்டதிலிருந்து இடுப்பு வலிக்கிறது. (விளாங்குடி)

பூட்ஸ் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரம் கூட்டுகிறது. மற்ற காலுக்கு அதே உயரமுள்ள, பின்பட்டை வைத்த செருப்பை அணியுங்கள். செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தால் அடியில் ரப்பர் ஒட்டித் தருவார். வீட்டுக்குள்ளும் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.