பம்ப் ஓடுவது கால் மணி, மற்றதற்கு அரை மணி

அன்புத் தங்கைக்கு,

மகப்பேறு விடுப்பு முடிந்து அடுத்த மாதம் வேலைக்குத் திரும்புவதாகவும், குழந்தைக்காகப் பம்ப் வைத்து ஒருமுறை தாய்ப்பால் எடுக்கவே முக்கால் மணி நேரம் ஆவதாகவும், அலுவலகத்தில் இதை மூன்று முறை எப்படிச் செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவில் இரண்டு பிள்ளைகளுக்கு இப்படியே பால் கொடுத்து வளர்த்தவள் நான். அந்த முக்கால் மணியில் பம்ப் ஓடுவது 15, 20 நிமிடம்தான் இருக்கும். மிச்சமெல்லாம் அறை தேடுவதிலும், பாகங்களைப் பொருத்துவதிலும், கழுவித் துடைப்பதிலும் கரைகிறது. குறைக்க வேண்டியது அதைத்தான். பம்பின் இழுவிசையைக் கூட்டி நேரத்தைச் சுருக்கப் பார்க்காதீர்கள். வலித்தால் பால் இறங்குவதே தாமதமாகும்.

முதலில் அறை. 2022 டிசம்பரில் கையெழுத்தான அமெரிக்காவின் ‘பம்ப்’ சட்டப்படி, குழந்தை பிறந்து ஓராண்டு வரை தேவைப்படும்போதெல்லாம் இடைவேளையும், பிறர் கண்ணில் படாத, யாரும் குறுக்கே நுழையாத ஓர் இடமும் வேலை கொடுப்பவர் தர வேண்டும். கழிப்பறையைக் காட்டக் கூடாது. விமானப் பணியாளர்கள் போன்ற சிலருக்கு மட்டும் இது பொருந்தாது; 50 பேருக்குக் குறைவான நிறுவனம், தன்னால் தாங்க முடியாத சுமை என்று நிரூபித்தால் விலக்குப் பெறலாம். விசாவில் இருக்கும் நம் பெண்கள் ‘எதற்கு வம்பு’ என்று வாயே திறப்பதில்லை. இந்த உரிமை விசா வகையைப் பார்த்து வருவதில்லை; கேட்டதற்காகப் பழிவாங்குவதும் சட்ட விரோதம். திரும்புவதற்கு முன்பே மனிதவளத் துறைக்கு மின்னஞ்சல் அனுப்பி அறையையும் சாவியையும் உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் நாட்காட்டியில் அந்த நேரங்களை அடைத்துவையுங்கள். காரணம் எழுத வேண்டியதில்லை, ‘வேறு வேலை’ என்று போட்டால் போதும்.

அடுத்தது கருவி. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுக்கும் மின் பம்ப் இல்லாமல் அலுவலகத்தில் காலம் தள்ள முடியாது. பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் பம்பின் செலவை ஏற்கின்றன. எந்த வகை கிடைக்கும் என்று தொலைபேசியில் கேளுங்கள். மார்பில் வைக்கும் பம்பின் புனல்களைப் பிடித்துக்கொள்ளும் பம்பிங் பிரா வாங்கினால் கை இரண்டும் விடுபடும். அந்தக் கைகளால் மார்பை மெல்லப் பிடித்துவிடுங்கள். பால் சீக்கிரம் இறங்கும், கூடுதலாகவும் வரும். புனல் அளவு காம்புக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். பெட்டியில் வருவது எல்லோருக்கும் பொருந்தாது. திடீரென்று பால் குறைந்தால் உடம்பைச் சந்தேகிக்கும் முன் பம்பிலுள்ள சிறு வால்வைச் சந்தேகியுங்கள். தேய்ந்த வால்வு இழுவிசையைத் தின்றுவிடும்.

எனக்கு அதிக நேரத்தை மிச்சப்படுத்தியது கூடுதல் பாகங்கள்தான். மூன்று முறை எடுப்பதற்கு மூன்று செட். பயன்படுத்தியதை ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்து, மாலையில் எல்லாவற்றையும் சேர்த்துக் கழுவலாம். அலுவலகத் தொட்டியில், காபிக் கோப்பைகளுக்கு நடுவே நிற்க வேண்டிய அவசியமே இல்லை. கழுவாமல் ஃப்ரிட்ஜில் வைத்து மறுபடி பயன்படுத்தலாம் என்று பலர் சொல்வார்கள். குளிர் கிருமி வளர்வதை மெதுவாக்குமே தவிர நிறுத்தாது. குறைமாதக் குழந்தைக்கோ இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கோ அந்தக் குறுக்குவழி வேண்டாம்.

எவ்வளவு எடுப்பது? பல தாய்மார்கள் தேவைக்கு மேல் எடுத்துத்தான் களைத்துப்போகிறார்கள். ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை தாய்ப்பால் குடிக்கும் குழந்தை நாளுக்குச் சராசரியாக 25 அவுன்ஸ் குடிக்கும். நீங்கள் வெளியே இருக்கும் மணிக்கு ஒன்று முதல் ஒன்றரை அவுன்ஸ் என்று கணக்கிட்டால் சரியாக இருக்கும். ஃப்ரீஸர் நிறையப் பால் பைகளை அடுக்கிப் படம் போடுகிறவர்களைப் பார்த்து மனம் கலங்காதீர்கள், நாளைக்கு வேண்டியது இன்று கிடைத்தால் போதும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கும் உங்கள் அம்மா, ‘புட்டி காலியாகிவிட்டது, இன்னும் கேட்கிறான்’ என்பார். புட்டியைச் சாய்த்துப் பிடித்து, நடுநடுவே நிறுத்திக் கொடுக்கச் சொல்லுங்கள். வேகமாக ஊற்றினால் எந்தக் குழந்தையும் தேவைக்கு மேல் குடிக்கும். கிளம்பும் முன்பும் வீடு திரும்பியதும் நேராகப் பால் கொடுத்தால் அலுவலகத்தில் ஒருமுறை எடுப்பது மிச்சமாகலாம்.

எடுத்த பாலோடு உடனே ஃப்ரிட்ஜைத் தேடி ஓடவும் வேண்டாம். 25 டிகிரி செல்சியஸ் வரையிலான அறையில் 4 மணி நேரம், ஐஸ் பொதிகள் வைத்த பையில் 24 மணி நேரம், ஃப்ரிட்ஜில் 4 நாள் தாங்கும். வெள்ளிக்கிழமை எடுத்ததைத் திங்களன்று உறைய வைக்காமலே கொடுக்கலாம். குடிக்கும் புட்டியிலேயே நேரடியாக எடுத்துவிட்டால் ஊற்றி மாற்றும் வேலையும் இல்லை.

முடிந்தால் திங்களுக்குப் பதில் புதன்கிழமை வேலையில் சேர அனுமதி கேளுங்கள். முதல் வாரம் மூன்று நாளில் முடியும். மார்பு எந்த நேரத்தில் கனக்கிறது, உங்கள் இருக்கையிலிருந்து அந்த அறைக்கு எத்தனை நிமிடம் என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். நாட்காட்டியை அந்த வார இறுதியில் திருத்திக்கொள்ளலாம்.