கம்ப்ரஸர் காற்றால் மரத்தூளை அடித்து இறக்கலாமா?

கேள்வி: மார்த்தாண்டத்துக்கு அருகே ரப்பர் மரத்தில் கட்டில், அலமாரி செய்யும் பட்டறை நடத்துகிறேன். பதினான்கு பேர் வேலை செய்கிறார்கள். தேய்ப்பு இயந்திரத்திலிருந்து கிளம்பும் பொடி கூரைச் சட்டங்களில் படிந்துவிடுகிறது. சனிக்கிழமை மாலையில் கம்ப்ரஸர் குழாயால் அடித்துக் கீழே இறக்கிப் பெருக்குகிறோம். மரத்தூளும் வெடிக்கும் என்று ஒருவர் சொன்னதிலிருந்து மனது சரியில்லை. வீட்டுக்கு வாங்கும் வாக்குவம் கிளீனர் போதுமா? தண்ணீர் தெளிக்கலாமா?

பதில்: உங்களிடம் சொன்னவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். முதலில் அந்தக் கம்ப்ரஸர் குழாயைச் சுருட்டி வைத்துவிடுங்கள்.

சாக்கில் கிடக்கும் மரத்தூளில் தீ பட்டால் புகைந்து புகைந்துதான் எரியும். அதே தூள் மேகமாக மிதக்கும்போது ஒவ்வொரு துகளையும் காற்று சூழ்ந்திருப்பதால், தீ துகளுக்குத் துகள் கண்ணிமைக்கும் நேரத்தில் தாவிவிடுகிறது. சூடேறிய காற்று விரிய இடமில்லாமல் சுவரையும் கூரையையும் தள்ளுகிறது. தூளும் காற்றும் அடைத்த கூடமும் உங்கள் பட்டறையில் எப்போதும் இருக்கின்றன. தூளை மிதக்கவிடுவதைச் சனிக்கிழமைதோறும் நீங்களே செய்கிறீர்கள். பாக்கி ஒரு பொறிதான்.

எவ்வளவு தூள் சேர்ந்தால் ஆபத்து என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குத் தூள் படிந்தால் அது ஒரு லிட்டர். தேய்ப்புப் பொடி லிட்டருக்கு 200 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கூரை 4 மீட்டர் உயரம் என்றால், அத்தனையும் கிளம்பும்போது ஒரு கன மீட்டர் காற்றில் 50 கிராம் தூள். மரத்தூள் மேகம் தீப்பிடிக்க ஏறக்குறைய அவ்வளவே போதும். அதனால்தான் அமெரிக்கத் தீத்தடுப்பு விதிகள் 0.8 மில்லிமீட்டரையே எச்சரிக்கை அளவாக வைத்தன. காகிதக் கிளிப்பின் கம்பி அவ்வளவு கனம்தான். ஆகவே கிழமை பார்த்துச் சுத்தம் செய்வதை விடுங்கள், கனத்தைப் பாருங்கள். அலமாரியின் நிறம் தெரியாமல் தூள் மூடிவிட்டாலே சுத்தம் செய்யும் நாள் வந்துவிட்டது.

மில்லில் பச்சை மரம் அறுக்கும்போது விழும் தூள் ஈரமும் பருமனுமாக இருக்கும். அதில் இந்த ஆபத்து குறைவு. உலர்த்திய பலகையைத் தேய்க்கும்போது வருவது மாவு போன்ற நுண்பொடி. நம் மாவட்டத்துக் காற்றில் ஈரம் அதிகம், இங்கே ஒன்றும் ஆகாது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பங்குனி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே படிந்த பொடியைத் தொட்டுப் பார்த்தால் அப்படிச் சொல்லத் தோன்றாது.

சில ஆண்டுகளுக்கு முன் இதே பக்கத்தில் ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். மாலை நாலு மணி. கண்ணாடித் தகட்டின் வழியாக ஒரு கீற்று வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஓர் இளைஞர் ஏணியில் நின்று சட்டத்தில் காற்றை அடித்தார். அந்த வெயில் கீற்று முதலில் பால்போல வெளுத்தது, பிறகு காணாமலே போனது. எதிர்ச்சுவரில் எரிந்த குழல் விளக்கும் தெரியவில்லை. பத்தடி தள்ளி, மறைப்புக்குப் பின்னால், எரிவாயு அடுப்பில் தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பை அணைக்கச் சொல்லி நான் கத்தியது மட்டும்தான் நினைவிருக்கிறது. அன்று ஒன்றும் நடக்கவில்லை. வேலை முடிந்து அந்த இளைஞர் அதே காற்றைத் தன் தலையிலும் சட்டையிலும் அடித்துக்கொண்டார். அதையும் உங்கள் ஆட்கள் செய்ய விடாதீர்கள். கண்ணும் காதும் போய்விடும்.

பெரும்பாலும் உயிரைக் குடிப்பது இரண்டாவது வெடிப்பு. இயந்திரத்துக்குள் சிறிதாக ஒன்று வெடிக்கும். அந்த அதிர்ச்சியில் கூரைச் சட்டத்தில் படிந்திருந்ததெல்லாம் கொட்டும். பின்னால் வரும் தீ அதைப் பிடித்துக்கொள்ளும். 2008 பிப்ரவரி 7 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு சர்க்கரை ஆலையில் இப்படித்தான் 14 பேர் மாண்டார்கள். எரிந்தது வெறும் சர்க்கரைத் தூள்.

இனி சுத்தம் செய்யும் முறை. இயந்திரங்களை நிறுத்தி, சூடு ஆறவிட்டு, மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுங்கள். உறிஞ்சும் கருவிக்கு மின்சாரம் கூடத்துக்கு வெளியிலிருந்து தனி இணைப்பில் வரட்டும். மேலிருந்து கீழாக வாருங்கள்: சட்டம், விளக்கின் முதுகு, மின்கம்பிப் பாதை, கடைசியில் தரை. தென்னை ஈர்க்கு வாரியல் வேண்டாம். அது வீசி வீசித் தூளை எழுப்பும். மென்மையான தூரிகையால், ஒரே திசையில், மெதுவாக இழுத்து முறத்தில் வாங்குங்கள். மேலே ஏறுபவருக்குப் பாதுகாப்பு இடைவார் அவசியம். நுண்துகளைத் தடுக்கும் முகக்கவசமும் வேண்டும். மரத்தூளைப் பல ஆண்டுகள் சுவாசித்தால் மூக்கில் புற்றுநோய் வரலாம்.

வீட்டு வாக்குவம் கிளீனர் கூடவே கூடாது. அதன் மோட்டாருக்குள் பொறி பறக்கும், பிளாஸ்டிக் குழாயில் நிலைமின்சாரம் ஏறும். உள்ளேயோ தூள் மேகம். எரியும் தூளுக்கென்றே சான்று பெற்ற கருவியை வாங்குங்கள். மோட்டார் தூள் போகும் வழியில் இருக்கக் கூடாது. குழாய் மின்சாரத்தைக் கடத்த வேண்டும். முனை முதல் தொட்டி வரை எர்த் தொடர்ச்சி அறாமல் இருக்க வேண்டும். விலை அதிகம்தான். இரண்டு மழைக்காலம் பார்க்கும் நம் ஊரில் எர்த் இணைப்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். எலக்ட்ரீஷியனை வைத்து ஆண்டுக்கு இருமுறையாவது அளந்து பாருங்கள். கனன்றுகொண்டிருக்கும் தூளை எந்தக் கருவியாலும் உறிஞ்சக் கூடாது.

மரத்தூளுக்குத் தண்ணீர் தெளிக்கலாம், பனிபோல மட்டும். குழாயால் பீய்ச்சினால் அதுவும் தூளைக் கிளப்பிவிடும். தூள் குவியலில் தீ கண்டாலும் தீயணைப்பானை நேராக அடிக்காதீர்கள். மெல்லிய தூவலால் ஓரத்திலிருந்து நனைத்து வாருங்கள். அலுமினியம் தேய்க்கும் வேலை பக்கத்தில் நடந்தால் அங்கே தண்ணீர் அறவே ஆகாது. அது அலுமினியப் பொடியோடு சேர்ந்து ஹைட்ரஜனை உண்டாக்கும்.

தூளை இயந்திரத்தின் வாயிலேயே உறிஞ்சி, கூடத்துக்கு வெளியே நிற்கும் சேகரிப்பானில் சேர்த்துவிட்டால் இந்த வேலையில் பாதி குறையும். இயந்திரத்தை மூடி அடைப்பது, தூளைச் சேரவிடாமல் அகற்றுவது, பொறி வரும் வழிகளை விலக்குவது ஆகிய மூன்றையும் 2025 வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 37ஆம் பிரிவே சொல்லியிருந்தது. எங்கே எந்தக் கருவி வேண்டும் என்பதில் குழப்பம் இருந்தால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்குநரகத்தின் அதிகாரியிடம் கேளுங்கள்.

வார்னிஷ் துடைத்த துணியைத் தூள் சாக்கில் போடும் வழக்கம் பல பட்டறைகளில் உண்டு. எண்ணெய் ஊறிய துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். அதற்கு மூடியுள்ள தகர டப்பா ஒன்று, கூடத்துக்கு வெளியே, இன்று மாலையே வைத்துவிடுங்கள்.