மச்சினனுக்குப் போகும் கிராபிக்ஸ் கார்டு

கேள்வி: வணக்கம் ஐயா. மதுரை வில்லாபுரத்தில் வீட்டு மாடியில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். வயது 34. மாதம் சராசரியாக 6 விசேஷம் வரும். செலவு போகக் கையில் 38,000 ரூபாய் நிற்கும். 2021 தீபாவளி சமயத்தில் மனைவியின் 3 பவுன் சங்கிலியை அடகுக் கடையில் 70,000 ரூபாய்க்கு வைத்து, என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டை 52,000 ரூபாய்க்கு வாங்கினேன். மீதிக்கு எஸ்எஸ்டியும் மெமரியும். வட்டி மட்டும் தவறாமல் கட்டி வருகிறேன். 2023 ஆவணியில் 4070 கார்டை 58,000 ரூபாய்க்கு 24 மாதத் தவணையில் எடுத்தேன். மாதம் 2,850 கட்டி, இப்போதுதான் முடிந்தது. 3060 மச்சினனுக்குப் போய்விட்டது. இப்போது 5070 கார்டு டவுன்ஹால் ரோட்டில் 62,000 சொல்கிறார்கள். 4090 கார்டுக்குச் சமம் என்று கம்பெனியே சொல்லியிருக்கிறது. தங்கம் விலை ஏறியதால் அதே சங்கிலிக்கு இன்னும் 60,000 மேல்பணம் தருகிறேன் என்கிறார் அடகுக் கடைக்காரர். அதே ஒன்றரை வட்டிதான். மச்சினன் காலேஜில் ஏஐ படிக்கிறான். 4070 கார்டை அவனுக்குத் தருவதாக அத்தையிடம் சொல்லிவிட்டேன். இப்போதே வாங்கலாமா, அடுத்த தலைமுறையான 60 வரிசை வரும்வரை பொறுக்கலாமா? யோசித்து யோசித்துத் தூக்கம் போனதுதான் மிச்சம்.

பதில்: முதலில் அந்த 4090 கதையை முடித்துவிடலாம் தம்பி. 2025 ஜனவரியில் லாஸ் வேகஸ் மேடையில் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங் அப்படிச் சொன்னது உண்மை. 1,599 டாலருக்கு வந்த 4090 கார்டின் திறன், 549 டாலர் 5070 கார்டில் கிடைக்கும் என்றார். 4090 கார்டில் 16,384 கோர் (கணக்குப் போடும் சின்ன அலகு), 24 ஜிபி மெமரி. 5070 கார்டில் 6,144 கோர், 12 ஜிபி. மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகமான கோர்களை வைத்துக்கொண்டு அது எப்படிச் சமமாகும்? டிஎல்எஸ்எஸ் 4 என்ற வசதியில் கார்டு ஒரு ஃபிரேமை வரைந்துவிட்டு, அடுத்து மூன்று ஃபிரேம் வரை ஊகித்துச் செருகுகிறது. அப்படிச் செருகியதையும் சேர்த்து எண்ணித்தான் அந்தச் சமம். விளையாட்டில் திரை வழுவழுவென்று ஓட அது உதவும். நீங்கள் எக்ஸ்போர்ட் போடும்போது தாலி கட்டும் காட்சியின் ஒவ்வொரு ஃபிரேமையும் கார்டு கலர் போட்டு, நாய்ஸ் எடுத்து, உண்மையாகவே முடித்தாக வேண்டும். அங்கே ஊகத்துக்கு இடமே கிடையாது.

உங்களிடம் இருக்கும் கார்டோடு ஒப்பிட்டால்தான் உங்களுக்குப் பயன். 4070 கார்டில் 5,888 கோர். 5070 கார்டில் 4 சதவீதம்தான் கூடுதல். மெமரி வேகம் நொடிக்கு 504 ஜிபியில் இருந்து 672 ஜிபி, அதாவது 33 சதவீதம் கூடுதல். மின்சாரம் 200 வாட்டில் இருந்து 250 வாட். இரண்டு சிப்பும் தைவானின் டிஎஸ்எம்சி ஆலையில் கிட்டத்தட்ட ஒரே தலைமுறைத் தொழில்நுட்பத்தில் செய்தவை என்பதால், மந்திரம்போல் ஒரு தாவல் வர வழியில்லை. தாளில் இருக்கும் இந்த எண்களை வைத்தே, லாபம் 4 சதவீதத்துக்கும் 33 சதவீதத்துக்கும் நடுவில் எங்கோ நிற்கும் என்று சொல்லிவிடலாம். கார்டு வெளிவந்த பிறகு தனியாகச் சோதித்தவர்கள் சொன்னதும் ஊகிப்பு வசதி இல்லாமல் சுமார் 20 சதவீதம்தான். இன்னொன்று: வீடியோவைச் சுருக்கும் என்கோடர் இரண்டிலும் ஒன்றே ஒன்றுதான். ஆகவே உங்கள் எக்ஸ்போர்ட்டில் அந்த 20 முழுதாக வருமா என்பதே சந்தேகம்.

சரி, வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு கல்யாணத்துக்கு நீங்கள் உட்கார்ந்து வெட்டி ஒட்டும் நேரம் 14 மணி, எக்ஸ்போர்ட் ஒன்றரை மணி என்று கணக்குப் போடுகிறேன். கூடக் குறைய இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். மாதம் 6 விசேஷத்துக்கு எக்ஸ்போர்ட் 9 மணி நேரம். 20 சதவீத வேகத்தில் அது ஏழரை மணி ஆகும். மிச்சம் மாதத்துக்கு ஒன்றரை மணி நேரம், அதுவும் பெரும்பாலும் நீங்கள் மெஷினை ஓடவிட்டுப் படுத்திருக்கும் ராத்திரி நேரம். இதற்காக 60,000 மேல்பணம் வாங்கினால் கூடுதல் வட்டி மாதம் 900. மிச்சமாகும் ஒரு மணி நேரத்துக்கு வட்டி மட்டும் 600 ரூபாய். நீங்கள் சம்பாதிப்பதோ 38,000 வகுத்தல் 84 மணி நேரம், சுமார் 450 ரூபாய். உங்கள் ஒரு மணி உழைப்பைவிட விலை கூடிய ஒரு மணி நேரத்தை வாங்கப் பார்க்கிறீர்கள். கார்டின் விலை வருடா வருடம் இறங்குவதை இதில் சேர்க்கவே இல்லை.

50 வரிசையில் உங்கள் தொழிலுக்கு உண்மையிலேயே பயன்படும் விஷயம் ஒன்று உண்டு. விளம்பரத்தில் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை. இப்போதைய கேமராக்கள் எடுக்கும், நிற விவரம் அதிகமுள்ள 10 பிட் 4:2:2 ஃபுட்டேஜை என்விடியாவின் முந்தைய கார்டுகள் நேரடியாக டிகோட் செய்யாது, அதாவது சுருக்கிய வீடியோவைத் தானே விரித்துக் காட்டாது. 50 வரிசை செய்யும். ஸ்டுடியோக்காரர்கள் அந்த ஃபுட்டேஜைக் கொடுத்து டைம்லைன் திக்கித் திணறுகிறது என்றால், முதலில் உங்கள் பிராசஸரைப் பாருங்கள். இன்டெல் 11 ஆம் தலைமுறைக்குப் பிந்தையதாக இருந்து, மாடல் எண்ணின் கடைசியில் எஃப் இல்லாவிட்டால், அதில் உள்ள சின்ன கிராபிக்ஸே எச்இவிசி என்ற சுருக்க முறையில் வரும் 4:2:2 ஃபுட்டேஜை டிகோட் செய்துவிடும். கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங்கான பயாஸில் அதை ஆன் செய்து, எடிட்டிங் மென்பொருளின் செட்டிங்கிலும் டிக் போட வேண்டும், அவ்வளவுதான். அதுவும் இல்லையென்றால் பிராக்ஸி, அதாவது ஃபுட்டேஜின் இலகுவான நகல் போட்டு வெட்டுங்கள். இரண்டுக்கும் செலவு பூஜ்யம்.

பழைய வாங்கல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 3060 கார்டில் இருந்து 4070 கார்டுக்குப் போனது நியாயமான தாவல். 4070 ஏறக்குறைய பழைய 3080 கார்டுக்குச் சமம் என்பதால், அன்று வேகம் நிஜமாகவே நிறையக் கூடியது. 2021 இல் 3060 கார்டுக்கு 52,000 கொடுத்ததுதான் நெஞ்சை அடைக்கிறது. அதன் அறிவிப்பு விலை 329 டாலர். அன்றைய டாலருக்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தாலும் 29,000 அளவுதான். சிப் தட்டுப்பாடும் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்துக்கான மைனிங்கும் சேர்ந்து உலகம் முழுக்க விலையை ஏற்றி வைத்திருந்த காலம் அது. உங்களை மட்டும் குறை சொல்ல முடியாது.

ஆனால் கடிதத்தில் அரை வரியில் தாண்டிப்போன விஷயம் சங்கிலி. 70,000 ரூபாய்க்கு ஒன்றரை வட்டி மாதம் 1,050. நான்கு வருடத்துக்கு 50,400. அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. 3060 கார்டு இப்போது உங்கள் வீட்டிலேயே இல்லை, அதற்கு வட்டி மட்டும் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். ‘தவறாமல்’ என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தவறாமைதான் கடைக்காரருக்கு வருமானம்.

அப்புறம், பழைய கார்டு போகும் இடம். 2023 இல் 3060 கார்டை விற்றிருந்தால் 20,000 ரூபாயாவது கைக்கு வந்திருக்கும், அடகில் அசலை அடைத்திருக்கலாம். இன்று 4070 கார்டுக்கு 30,000 என்று குறைத்தே மதிப்பிடுகிறேன். இரண்டும் சேர்த்து 50,000 ரூபாய், மொய் நோட்டில்கூட ஏறாத மொய். புதிய தலைமுறை வரும்போதெல்லாம் நீங்கள் உங்களுக்காக வாங்குவதாக நினைக்கிறீர்கள். என் பார்வையில், பாதி மச்சினனுக்காகவும் வாங்குகிறீர்கள். 5070 கார்டின் விளம்பர வரைபடத்தை உங்களுக்கு முதலில் அனுப்பியதும் அவராகத்தான் இருக்கும் என்று ஒரு சந்தேகம். தவறாக இருந்தால் மன்னிக்கட்டும்.

ஏஐ படிப்பு என்கிறீர்கள். அந்தப் படிப்புக்கு முதல் தடை கார்டின் மெமரி. ஏஐ மாடல் அதற்குள் அடங்கினால் ஓடும், அடங்காவிட்டால் திண்டாட்டம்தான். 2021 இல் வந்த 3060 கார்டில் 12 ஜிபி. 2023 இல் வந்த 4070 கார்டில் 12 ஜிபி. 2025 இல் வந்த 5070 கார்டிலும் அதே 12 ஜிபி. அவர் கையில் இருக்கும் கார்டில் அடங்காத மாடல் உங்கள் 4070 கார்டிலும் அடங்காது. வேகம் கூடும், உண்மை. அந்த வேகம் பாடத்துக்கா, விளையாட்டுக்கா என்று அவரையே கேளுங்கள். பெரிய மாடலை ஓட்டிப் பார்க்க கூகுள் கோலாப் என்ற இணையச் சேவை இலவசமாகவே கிடைக்கிறது. கல்லூரி லேபும் இருக்கும்.

மேல்பணம் வாங்கவே வாங்காதீர்கள். தங்கம் ஏறும்போது அடகுக் கடையும் ஃபைனான்ஸ் கம்பெனியும் போன் போட்டுக் கூப்பிட்டுப் பணம் தருவது இப்போது பெரிய ஃபேஷன் ஆகிவிட்டது. ஏறியது உங்கள் சங்கிலியின் மதிப்பு. அந்த ஏற்றத்தையும் சேர்த்து அவர்களிடமே அடகு வைக்கச் சொல்கிறார்கள். கடன் 1,30,000 ஆனால் மாத வட்டி 1,950. மார்கழியிலும் ஆடியிலும் விசேஷம் இல்லாத மாதத்தில் அதை எங்கிருந்து கட்டுவீர்கள்? ‘நோ காஸ்ட் இஎம்ஐ’ பலகையைப் பார்த்தும் மயங்க வேண்டாம். வட்டியைத் தள்ளுபடி என்ற பெயரில் கழித்துக் காட்டுவார்கள். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் பிராசஸிங் கட்டணமும் உங்கள் தலையில். ரொக்கத்துக்குக் குறைப்பதும் கிடைக்காது. கிரெடிட் கார்டில் பூஜ்ய வட்டித் திட்டங்கள் கூடாது என்று 2013 இலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளைக் கண்டித்தது. பெயர் மாறி வந்திருக்கிறது. உங்கள் 58,000 ரூபாய்க் கார்டுக்கே 2,850 வீதம் 24 மாதம், மொத்தம் 68,400 கட்டியிருக்கிறீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது. தவணை முடிந்ததால் 2,850 மிஞ்சுகிறது. வட்டி 1,050 எப்படியும் போகிறது. இரண்டும் சேர்ந்த 3,900 உங்களுக்குப் பழகிய தொகைதான். அதை மாதாமாதம் அடகுக் கடையிலேயே கட்டுங்கள். வட்டி போக மீதியை அசலில் வரவு வைத்து, ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாய் வார்த்தையில் விடாதீர்கள். இப்படியே போனால் 21 மாதத்தில் சங்கிலி வீட்டுக்கு வந்துவிடும். தையில் ஒரு 10,000, வைகாசியில் ஒரு 10,000 முகூர்த்தப் பணத்தில் இருந்து கூடுதலாகப் போட்டால் 15 மாதம். அசலில் வரவு வைக்க மாட்டேன் என்று கடைக்காரர் இழுத்தால், தை சீசனில் கையில் பணம் புரளும் ஒரு நாளில் மீட்டு, அன்றைக்கே அரசு வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ வைத்துவிடுங்கள். அங்கே வட்டி நீங்கள் கட்டுவதில் ஏறக்குறைய பாதிதான் இருக்கும்.

அத்தையிடம் கொடுத்த வாக்குத்தான் உங்களுக்குக் கஷ்டம், புரிகிறது. மாமியார் வீட்டில் மருமகன் இல்லை என்று சொல்வது நம் ஊரில் லேசான காரியம் இல்லை. ஆனால் இந்த வரவு செலவை உங்கள் மனைவி அறிவாரா என்று கடிதத்தில் இல்லையே. சங்கிலி அவருடையது, தம்பியும் அவருடைய தம்பி. 50,400 என்ற எண்ணை முதலில் அவரிடம் காட்டுங்கள். அத்தையிடம் போய், “இந்தக் கார்டுதான் எங்களுக்குச் சோறு போடுது அம்மா, இன்னும் ரெண்டு வருஷத்துக்கு இதை விட முடியாது” என்று உங்கள் மனைவி சொன்னால் பேச்சு அங்கேயே முடியும். நீங்கள் சொன்னால்தான் இழுக்கும். கொடுத்த 3060 கார்டைத் திருப்பிக் கேட்க வேண்டாம். அது போனது போனதாகவே இருக்கட்டும்.

60 வரிசை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அது எப்போது வந்தாலும் முதல் மூன்று மாதம் கடைப்பக்கம் போகாதீர்கள். உங்கள் கல்யாண புராஜெக்ட் ஒன்றில் 10 நிமிடத் துண்டை எஸ்எஸ்டியில் எடுத்து வையுங்கள். யாராவது அந்தக் கார்டை வாங்கியதும், அவர் மெஷினில் அதை எக்ஸ்போர்ட் போட்டு நேரம் பாருங்கள். உங்கள் 4070 எடுத்துக்கொள்ளும் நேரத்தில் பாதிக்கு வந்தால் பேசலாம். அப்போதும் மெமரி 12 ஜிபியே என்றால் வேண்டாம். 16 ஆவது இருக்க வேண்டும். அதுவரை 4070 கார்டின் பில்லையும் பெட்டியையும் பத்திரமாக வைத்திருங்கள். வாரண்டி பெரும்பாலும் மூன்று வருடம்தான், உங்களுடையது 2026 ஆவணி வாக்கில் முடிந்துவிடும். ஆனாலும் விற்கும்போது பில் இருந்தால் கைக்கு வரும் விலையே வேறு.