டிரஸ்டுக்கு விஷன் எழுதுறது பத்தி

அண்ணே, மேலூர் பக்கம் நீங்க நடத்துற டியூஷன் டிரஸ்டுக்கு 'தரமான கல்வி வழங்குவது'ன்னு விஷன் எழுதலாமான்னு கேட்டிருந்தீங்க. வேணாம்ணே, அது தினமும் செய்யுற வேலை, மிஷன். விஷன்னா அந்த வேலை பலிச்சா ஊரு எப்படி இருக்கும்ங்கிறது.

நம்ம மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரிய பாருங்க, 1976ல டாக்டர் வெங்கடசாமி ஐயா 11 படுக்கையோட ஆரம்பிச்சது, தடுக்கக்கூடிய பார்வையிழப்ப ஒழிக்கணும்ங்கிறதுதான் நோக்கம் (அவங்க அத மிஷன்னுதான் சொல்வாங்க, பேர விடுங்க), இத்தனை ஆபரேஷன் செய்யணும்ங்கிற கணக்கு மட்டும் நோக்கம்னா அதோட நின்னிருப்பாங்க, நோக்கம் பெருசுங்கிறதால கண்ணுக்குள்ள வைக்கிற லென்ஸோட விலை கட்டுப்படியாகாதப்ப 1992ல ஆரோலேப்னு ஒரு தயாரிப்புக் கூடம் தொடங்கி தாங்களே தயாரிச்சாங்க.

நீங்க 'எங்க வட்டாரத்துல எந்தப் புள்ளையும் பாதில படிப்ப விடாது'ன்னு எழுதுங்க. புள்ளைங்களோட அம்மாமார்கிட்ட வாசிச்சுக் காட்டுங்க, புரியலன்னா மாத்திருங்க.