காற்றில் அணுவெடிப்பின் தடயம்: தானியங்கிக் கருவிகள் பற்றிக் கேள்வி பதில்

நில அதிர்வுக் கருவிகளே வெடிப்பைக் காட்டிவிடுமே, காற்றை ஏன் சோதிக்க வேண்டும்?

அதிர்வு வெடித்ததைச் சொல்லும். அது அணுவெடிப்புதானா என்பதற்கு அணுப்பிளவில் பிறந்த பொருளே சாட்சி. 2013 பிப்ரவரி 12 அன்று வடகொரியா சோதனை நடத்தியது. ஏப்ரல் 8, 9 தேதிகளில்தான் ஜப்பானின் டகசாகி கண்காணிப்பு நிலையத்தில், அணுப்பிளவில் பிறக்கும் கதிரியக்கச் செனான் வாயுவின் இரு வகைகளான செனான்-131எம், செனான்-133 இரண்டும் சிக்கின. அவற்றின் விகிதம், பிளவு நடந்து 50 நாளுக்கு மேல் ஆனதைக் காட்டியது.

காற்றிலுள்ள கதிரியக்கத் தூசியைப் பிடிக்கும் 'ராசா' என்ற தானியங்கிக் கருவிக்கு ஏன் மூன்று நாள்?

முதல் நாள் வடிதாள் (ஃபில்டர்) வழியே காற்றை இழுக்கும். மணிக்குக் குறைந்தது 500 கனமீட்டர் வேண்டும். இரண்டாம் நாள் வடிதாள் சும்மா ஆறும். மூன்றாம் நாள், காமாக் கதிர்களை உணரும் ஜெர்மானியம் டிடெக்டரைச் சுற்றி வடிதாளை வைத்து அவற்றை எண்ணும். ஆறவிடுவதை வீண் என்று நினைக்காதீர்கள். இயற்கையாக வரும் ஈயம்-212இன் அரை ஆயுள் 10.6 மணி, ஒரு நாளில் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஆறாமல் எண்ணினால், அணுப்பிளவில் பிறந்த பேரியம்-140 கதிர் வரைபடத்தில் காட்டும் சிறு முகடு அந்த இரைச்சலில் புதைந்துவிடும்.

மென்பொருள் எங்கே தவறும்?

பெரும்பாலும், கதிர்களின் ஆற்றலைக் காட்டும் அளவுகோல் நகர்வதில். அறை வெப்பம் மாறினாலே முகடுகள் இடம்பெயரும். எந்த முகடு எந்தத் தனிமத்தினுடையது என்று மென்பொருள் பார்க்கும் பட்டியலில் பக்கத்துத் தனிமத்தின் பெயர் ஒட்டிக்கொள்ளும். ஈயம்-212 (238.6 கிலோ எலக்ட்ரான்வோல்ட்), பெரிலியம்-7 (477.6), பொட்டாசியம்-40 (1460.8) ஆகியவை எப்போதும் இருக்கும், அவை தத்தம் இடத்தில் நிற்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

இன்னொன்று: வடிதாள் டிடெக்டரை ஒட்டியிருப்பதால் பேரியம்-140 சிதைந்து உருவாகும் லாந்தனம்-140இன் 487, 1596 கிலோ எலக்ட்ரான்வோல்ட் கதிர்கள் ஒரே நேரத்தில் விழுந்து ஒன்றாகக் கூடிவிடும். இரண்டு முகடும் குறைந்து காட்டும். இதைத் திருத்தாமல் பேரியத்தோடு ஒப்பிட்டு, பிளவு நடந்து எத்தனை நாள் ஆனது என்று கணித்தால் தவறான நாள் கிடைக்கும். ஒற்றை முகட்டை நம்பி எதற்கும் பெயர் சூட்டக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

செனான் அளவில் 'நினைவு' என்கிறார்களே?

செனானின் பீட்டா, காமாக் கதிர்களைச் சேர்ந்து வரும்போது எண்ணும் பீட்டா-காமா ஒருங்கு அளவீட்டில், வாயு பிளாஸ்டிக் மினுக்கிக்குள் (கதிர் பட்டால் ஒளிரும் கலம்) கொஞ்சம் ஊறி, வெளியேற்றிய பிறகும் தங்கும். அடுத்த மாதிரியில் அது பொய்யான செனானாகத் தெரியும். ஆகவே ஒவ்வொரு மாதிரிக்கும் முன்பு காலிக் கலத்தை எண்ணிக் கழிக்க வேண்டும். உட்சுவரில் அலுமினியம் ஆக்சைடு பூசினால் ஊறல் வெகுவாகக் குறையும்.

மாதிரிக் காற்றின் அளவை, பிரித்தெடுத்த செனானை வைத்தே கணிக்கிறோம்: ஒரு கனமீட்டர் காற்றில் 0.087 மில்லிலிட்டர். அந்த அளவீடு பிசகினால் செறிவும் அதே விகிதத்தில் பிசகும்.

மருத்துவ ஐசோடோப் ஆலைகளும் செனான் விடுகின்றனவே, எப்படிப் பிரிப்பது?

கடினம்தான். நெடுங்காலம் ஓடும் அணுஉலையில் செனான்-131எம் சேர்ந்துகொண்டே போகும், செனான்-133உடன் அதன் விகிதம் வேறாகும். ஆலையிலோ யுரேனியத்தைச் சில நாள் மட்டுமே கதிர்வீச்சுக்கு உட்படுத்துவதால், விகிதம் குண்டினுடையதை நெருங்கும். செனான்-135 கிடைத்தால் உதவும்; ஆனால் அரை ஆயுள் 9.14 மணிதான், சில நாளில் போய்விடும். மிச்சத்தைக் காற்றோட்டத்தைப் பின்னோக்கிக் கணித்து, வழியில் இருக்கும் ஆலைகளோடு ஒப்பிட்டு, ஆய்வாளர்தான் தீர்மானிக்க வேண்டும்.